மொதல்ல கிராப்பைக் காட்டுங்க

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே படத்தின் கிராப்பைக் கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான். ஒரு சாயப் பட்டறையின் லேபில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. நாற்பதைத் தாண்டிய வயது. இறுக்கி முடிந்த கொண்டை, கசங்காத காட்டன் சேலை, தோளுக்குக் குறுக்கே கேமராப் பை, வெயிலில் இறங்கினால் ஒரு கறுப்புக் கண்ணாடி. கூட்டத்தில் இருந்த பன்னிரண்டு பேரில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருவர் கல்லூரி ஆசிரியை, பாதி நாள் வரமாட்டார். அக்கா ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

கூட்டம் பல்லடம் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவின் மாடியில் நடக்கும். கல்யாணப் படம் எடுத்து எடுத்து அலுத்துப்போன ஸ்டுடியோக்காரர், வாரத்தில் ஒரு காலையாவது படத்தைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்று தொடங்கியது. முகூர்த்த ஞாயிறுகளில் அவரே வரமாட்டார். சாவியைக் கீழே பேக்கரியில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே ஒரு விதி இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு படம் கொடுக்க வேண்டும். பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு, சுவரில் இருக்கும் பெரிய டிவியில் படம் வரும். எல்லோரும் குறைநிறை பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் எழுந்து, என்னோடது என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். விளக்கம் சொல்லவும் அனுமதி இல்லை.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவன். ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்ட துணியை, கேட்ட நிறத்தில், கேட்ட தேதிக்குள் அனுப்பிவைக்கிற வேலை. பழைய கேமரா ஒன்று வாங்கி ஆறு மாதம் தனியாகத் திண்டாடிய பிறகு இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். முதல் நாள் நான் கொடுத்தது, காலையில் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும் ஒரு கம்பெனி வேன். உள்ளே பெண்கள் உட்கார்ந்திருக்க, விடிந்த வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும். எனக்கு அதன்மேல் ரொம்பப் பெருமை. ஒவ்வொருவராக நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அக்காவின் முறை வந்தது.

"மொதல்ல கிராப்பைக் காட்டுங்க" என்றார்.

கிராப்பு என்றால் கேமராவுக்குள்ளேயே இருக்கிற ஒரு வரைபடம். இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெள்ளை, நடுவில் அத்தனை சாம்பல்களும். படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறதோ, அந்த இடத்தில் அவ்வளவு உயரத்துக்கு மேடு எழும்பும். மேடு வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால், அங்கே இருந்ததெல்லாம் வெறும் வெள்ளையாகப் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. டிவியில் கிராப்பு வந்தது. அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். கோழி எதையாவது கொத்துவதற்கு முன் பார்க்குமே, அப்படி. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வலது பக்கம் செவுத்துல ஒட்டியிருக்குதுங்க. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி யாரு உக்காந்திருந்தாங்கன்னு இனிமே யாருக்கும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. படத்தின் உணர்ச்சியைப் பார்க்காமல் கணக்கு வாத்தியார் மாதிரி வரைபடம் பார்க்கிறாரே என்று, கூட்டம் முடிந்ததும் ஸ்டுடியோக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அக்காவின் பழக்கம் அது, தெரிந்ததை மட்டும்தான் சொல்வார் என்றார். ஒரு தரம் இவரே வாய்விட்டு, ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க அக்கா என்று கேட்டிருக்கிறார். "நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சாச் சொல்றேனுங்க" என்று பதில் வந்திருக்கிறது.

அந்தப் பழக்கம் படத்தோடு நிற்கவில்லை. கூட்டமாக எங்காவது படம் எடுக்கப் போகும்போது, மழை வருமா அக்கா என்று கேட்டால், மேகம் இருக்கிறது என்பார். மழையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். பேக்கரியில் பப்ஸ் சூடாக இருக்கிறதா என்று கேட்டால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். அவர் வேலையும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வரும் சின்னத் துண்டுத் துணியின் நிறமும், பட்டறையில் சாயம் ஏறிய துணியின் நிறமும் ஒன்றுதான் என்று அவர் சொன்னால்தான் துணி வெளியே போகும். ஒரு தரம் முதலாளியின் மச்சானே வந்து நின்று, லாரி காத்திருக்கிறது, சரி என்று எழுதிக் கொடு என்று கேட்டாராம். சரியில்லை என்று அக்கா சொல்லவில்லை. சரி என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தால் எழுதுகிறேன் என்றாராம். லாரி சாயங்காலம் வரை நின்றது. துணி மறுபடி சாயத்துக்குப் போனது.

அவர்மேல் இருந்த என் கோபம் போனது ஒரு வங்கிக்காரரால். பணி ஓய்வு பெற்றவர், கூட்டத்திலேயே மூத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போட்ட படத்தில் ஒரு அம்மாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முகத்தின் பாதி வெளிச்சத்தில் கரைந்துபோயிருந்தது. பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இறந்துபோன அவர் மனைவி என்று. அதனால் எல்லோரும் அருமை, அற்புதம் என்றார்கள். அக்கா வழக்கம்போலக் கிராப்பைக் கேட்டார். பார்த்துவிட்டுச் சொன்னார், முகத்தில் வெள்ளையாகப் போனது போனதுதான், எந்தக் கடையில் கொடுத்தாலும் இனி வராது என்று.

வங்கிக்காரர் விதியை மீறிப் பேசினார். மூன்று இடத்தில் கொடுத்துவிட்டதாகவும், சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி மூன்று பேரும் வேறு யாரோ ஒருத்தியின் முகத்தை ஒட்டிக் கொடுத்ததாகவும் சொன்னார். அக்கா ஸ்டுடியோக்காரரின் லேப்டாப்பை வாங்கி, முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, இருட்டாகக் கிடந்த பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கினார். காதும், காதோரத்து நரைமுடியும், கம்மலும், கழுத்தில் ஒரு மச்சமும் வந்தன.

"போனது வராதுங்க. இது இருக்குதுங்க" என்றார்.

வங்கிக்காரர் அந்தக் காதை மட்டும் பெரிதாக அச்சடித்து வீட்டில் மாட்டியிருப்பதாகப் பிறகு சொன்னார். பொய்யாக ஒரு முழு முகத்தை வைத்திருப்பதைவிட அது தேவலை என்றார்.

அன்றிலிருந்து நான் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என்ன பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். படத்தை எடுத்ததும் திரையில் தெரிகிற அழகை நம்பக் கூடாது, வெயிலில் அது இருட்டாகத் தெரியும், நிழலில் பளிச்சென்று தெரியும், கிராப்பு மட்டும் எங்கே பார்த்தாலும் ஒன்றுதான் என்று எனக்கே புரிந்தது. என் படங்கள் தேறின. ஒரு தரம் என் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, எங்கேயும் முட்டவில்லை என்றார். அதை நான் வீட்டில் போய் என் மனைவியிடம் சொன்னேன். இது பாராட்டா என்று அவள் கேட்டாள்.

அக்காவின் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாமே கறுப்பு வெள்ளை. வேலை முடிந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண்கள், காயப்போட்ட துணிக்கு நடுவே நடந்துபோகும் ஒருவர், சுவரோரம் நிற்கும் சைக்கிள். கிராப்பு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, எங்கும் முட்டாமல், கோலம் போட்ட மாதிரி இருக்கும். நாள் பூராவும் கலரிலேயே வேலை பார்க்கிறவர் ஏன் கலரில் எடுப்பதில்லை என்று ஆசிரியை ஒரு நாள் கேட்டார். "ஆறு நாளும் அதத்தானுங்களே பாக்கறேன். ஞாயித்துக்கெழமையாச்சும் வேண்டாமுங்க" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். தெரிந்ததை மட்டும் சொல்கிறவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவர் எங்களிடம் சொன்ன ஒரே பொய் அது.

அந்த வருடம் ஆடி மாதம், காற்றாலைகளைப் படம் எடுக்க உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு வேன் பிடித்துப் போனோம். காற்று ஆளைத் தள்ளியது. மற்றவர்கள் எல்லாம் காற்றாலையைத் துரத்திக்கொண்டிருக்க, அக்கா ஒரு தென்னந்தோப்புக்குள் போய்விட்டார். வெளியே வெயிலில் கண் கூசுகிறது, உள்ளே நன்றாகத் தெரிகிறது என்றார். அடுத்த ஞாயிறு எல்லோரும் கலர்ப் படம்தான் கொடுக்க வேண்டும் என்று திரும்பி வரும்போது வேனில் முடிவானது. பச்சை என்பது தலைப்பு. அக்காவும் தலையாட்டினார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே என்று தலையாட்டியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஞாயிறு ஏழாவது எண்ணில் ஒரு தென்னந்தோப்பு வந்தது. ஓலைகளெல்லாம் நீலமாக இருந்தன. மட்டை நீலம், மண் நீலம், கீழே கிடந்த தேங்காய்கூட நீலம். கேமராவில் எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று ஒரு தேர்வு இருக்கும். குண்டு பல்புக்கு வைத்துவிட்டு வெயிலில் எடுத்தால் இப்படித்தான் நீலம் பூசிக்கொள்ளும். புதிதாகக் கேமரா வாங்குகிற எல்லோரும் ஒரு தரம் செய்கிற தவறு. ஆனால் எடுத்த உடனே பின்னால் திரையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சமீபத்தில் சேர்ந்த ஒருவர் எடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். அக்காவைப் போலவே முதலில் கிராப்பைக் காட்டச் சொன்னேன். கிராப்பு சுத்தமாக இருந்தது. அதை வைத்தே பேசினேன். "கிராப்பு சரியா இருக்கு. ஆனா கிராப்பு வெளிச்சத்தத்தான் காட்டும், கலரக் காட்டாது. இத எடுத்தவங்க கண்ணத் தொறந்து படத்தப் பாக்கவே இல்ல. பச்சைன்னு தலைப்புக் குடுத்தா நீலத்தக் கொண்டாந்து வச்சிருக்காங்க" என்றேன். நல்ல சிரிப்பு எழுந்தது. பக்கத்து நாற்காலியில் அக்கா அசையாமல் இருந்தார். அவருடைய முறை வந்தபோது, சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்.

எல்லோரும் பேசி முடித்ததும் அக்கா எழுந்தார்.

"என்னோடதுங்க" என்றார்.

ஸ்டுடியோக்காரர் வேகமாக அடுத்த படத்தைப் போட்டார். விளக்கம் சொல்ல அனுமதி இல்லை என்ற விதி அன்றைக்கு எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கூட்டம் முடிந்து கீழே பேக்கரியில் நான் அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் உட்கார்ந்தபின் வேறு கேள்வி வந்தது. எங்கள் கம்பெனியின் துணியில் பாதி அவர் வேலை பார்க்கும் பட்டறையில்தான் சாயம் ஏறியது.

"எத்தன வருசமாக்கா?" என்று கேட்டேன்.

அவர் டீ கிளாசை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். இரண்டு வருடமாக. முதலில் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல ஆயின. பிறகு நீலமும் போனது. கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரியில், விழித்திரையில் நிறம் காட்டுகிற செல்கள் ஒவ்வொன்றாக அணைந்துவருகின்றன, பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு புகை. ஓரக்கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. படத்தில் எது வெளிச்சம், எது இருட்டு என்பது அவருக்குக் கண்ணை நம்பித் தெரிவதில்லை. கறுப்பில் வெள்ளையாக வரைந்திருக்கும் கிராப்பு மட்டும் பிடிபடுகிறது. அதனால் அதைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறார்.

லேப் வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். லேபில் நிறத்தை அளக்கிற மெஷின் இருக்கிறது, துணியை வைத்தால் வித்தியாசத்தை நம்பராகச் சொல்லும், அந்த நம்பரை லென்ஸ் வைத்துப் படித்துத்தான் சொல்கிறேன் என்றார். முன்னைவிட ஒன்றுக்கு மூன்று தரம் வைத்துப் பார்க்கிறாராம்.

"இது வரைக்கும் ஒரு லாட்டுத் துணிகூடத் திரும்பி வரலீங்க தம்பி. பாப்பா காலேஜு முடிக்க இன்னும் ஒரு வருசம் இருக்குது. அது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

கணவர் எப்போதோ போய்விட்டார், மகள் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்றேன். உண்மையாகவே சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாறு வாரம் கழித்து, குழந்தைகளுக்கான வான நீலச் சட்டைகள் எங்கள் கம்பெனியில் முடிந்து பெட்டியில் ஏறும் நேரத்தில், வெளிநாட்டுக்காரனின் ஆள் வந்து சோதித்துவிட்டு மொத்தத்தையும் நிறுத்தினார். கழுத்துப் பட்டியும் உடம்பும் ஒரே நீலமாக இல்லை. வெயிலில் கொண்டுபோய் வைத்ததும் எனக்கே தெரிந்தது. துணியை வெட்டுவதற்கு முன் கழுத்துத் துணியையும் உடம்புத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அன்றைக்கு வேறொரு ஏற்றுமதிக்கு ஓடிக்கொண்டிருந்ததால் பார்க்காமலே போட்டிருந்தேன்.

மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கையெழுத்து இருந்த தாளை மேசைமேல் வைத்தார். பார்த்துத்தானே போட்டீர்கள் என்று கேட்டார். சாயப் பட்டறை லேபில் சரிபார்த்து வந்த துணி சார் என்றேன். லேபில் யார் பார்த்தது என்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் தவறு என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அல்லது போகாமலும் இருந்திருக்கும். தாளில் இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க ஒரு அம்மா இருக்காங்க சார். அவங்களுக்குக் கலர் தெரியாது" என்றேன்.

மேனேஜர் போனை எடுத்தார். மூன்றாம் நாள் அக்கா லேபில் இல்லை. பட்டறையில் நாலு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, எது பச்சை என்று கேட்டார்களாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். மெஷினில் வைத்துச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

நான் மூன்று ஞாயிறு கூட்டத்துக்குப் போகவில்லை. அந்த நாட்களில்தான் எங்கள் வெட்டும் பகுதியில், ஒதுக்கிவைத்திருந்த துணிக்கட்டுகளைப் பிரித்தபோது, வான நீலத்துக்கென்று வந்த கழுத்துத் துணி தொடாமல் அப்படியே கிடப்பதைப் பார்த்தார்கள். வெட்டியது பழைய ஆர்டரில் மிச்சமிருந்த வேறொரு நீலம். தவறு முழுக்க எங்கள் கம்பெனியில். தொடாமல் கிடந்த துணியை உடம்புத் துணியின் பக்கத்தில் வைத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அக்காவின் நம்பர் சரி.

மேனேஜரிடம் சொன்னேன். லேபில்தான் தவறு என்று வெளிநாட்டுக்கு எழுதியாகிவிட்டது, இனிக் கிளறினால் கம்பெனிக்குத்தான் கெட்ட பேர், விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அருள்புரத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் நான்காவது. மகள் கதவைத் திறந்தாள். உள்ளே துணிக்குவியல். பனியன் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்துகொண்டிருந்தார்கள். அக்கா நூலை விரலால் தேடிப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் "வாங்க தம்பி" என்றார். மகளிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

என்னால்தான் என்று சொன்னேன். தெரியும் என்றார்.

"நீங்க பொய்யொண்ணும் சொல்லலீங்களே. தெரிஞ்சதத்தானே சொல்லியிருக்கீங்க."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அந்த லாட் சரியாகத்தான் இருந்தது, மூன்று தரம் வைத்துப் பார்த்தேன் என்றார். ஆமாம், எங்கள் பக்கம்தான் தவறு, கண்டுபிடித்துவிட்டார்கள் என்றேன்.

அவர் சேலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். பிறகு கேட்டார்.

"அத எங்க பட்டறையில சொல்லிப்போட்டீங்களா?"

மகள் தண்ணீர்ச் சொம்போடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அக்காவால் பார்க்க முடியாத என் முகத்தை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா சரிங்க என்றார். அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கும் நான் சொல்லவில்லை, அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. சொன்னாலும் கண் தெரியாதவரைத் திரும்ப எடுக்கவா போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தவறு செய்து வெளியேறியவர் என்ற பெயராவது போயிருக்கும்.

அடுத்த ஞாயிறு அக்கா கூட்டத்துக்கு வந்தார். மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யார் சொன்னது என்பது மட்டும் தெரியாது. ஸ்டுடியோக்காரர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். முதல் படம் வந்ததும் யாரும் கேட்காமலே அவர் கிராப்பையும் போட்டார். அக்கா டிவிக்குப் பக்கத்தில் போனார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு இது தெரியலீங்க" என்றார்.

வங்கிக்காரர், நாங்கள் சொல்கிறோம், நீங்கள் கேளுங்கள் என்றார். அக்கா வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு வந்த பதினொரு படங்களுக்கும் ஒவ்வொருவரும் அவருக்காகக் கூடுதலாக விளக்கிச் சொன்னார்கள். ஒருவர் மலை என்றதை இன்னொருவர் மேகம் என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டார். எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அதன்பிறகு வரவில்லை. மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் துணியில் குறை பார்க்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். கூட்டம் இன்னும் ஒரு வருடம் நடந்து, ஆள் குறைந்து, நின்றுபோனது. நானும் இப்போது படம் எடுப்பதில்லை.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு காலை பழைய பஸ் ஸ்டாண்டில் பல்லடம் பஸ்கள் நிற்கிற இடத்தில் அக்காவைப் பார்த்தேன். தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு குச்சி, தோளில் துணிப்பை. இளைத்திருந்தார். எனக்கும் அவருக்கும் இரண்டடி தூரம்கூட இல்லை. பக்கத்தில் ஆள் நிற்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"ஏனுங்க, இது அருள்புரம் போறதுங்களா?"

எங்கள் முன்னால் நின்றது அந்த வழியாகப் போகிற பஸ்தான். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியிருந்தார். வாயைத் திறந்தால் என் குரலிலிருந்து யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். "ஏனுங்க?" என்று மறுபடியும் மரியாதையாகக் கேட்டார். நான் மறுபடியும் தலையைத்தான் ஆட்டினேன். விசில் சத்தம் கேட்டது. பஸ் எங்கள் இருவருக்கும் முன்னால் நகர்ந்து, வளைவில் திரும்பிப் போனது. அது போன பிறகும் அவர் என் பக்கம் முகத்தை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார்.